படத்தில் மட்டும் பருப்பு

1

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து, மாட்டியிருந்த குளிர்கோட்டை எடுக்கப் போனேன். பக்கத்துச் சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் ஆலையில் நிஜமான பருப்புத் துண்டுகள் மிதக்கும் பாகும் தயாராகும் என்றும், வால்நட், பெக்கான், முந்திரி மூன்றும் வரும் என்றும், விற்பனை கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். சிலர் கைதட்டினார்கள். நான் மூன்றாவது பெயரை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.

படிப்பவர்களுக்கு முதலில் இந்த ஆலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் இந்த வெளிநாட்டில் சனி, ஞாயிறு காலைகளில் தோசையைவிடத் தடிப்பாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பண்டம் சுடுகிறார்கள். மைதா, முட்டை, பால் சேர்ந்த மாவு. சூட்டோடு மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார்கள். அது உருகும்போது புட்டியைக் கவிழ்த்துப் பாகு ஊற்றுவார்கள். அதே பாகு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீமின் மேலும் ஊற்றப்படும். அந்தப் பாகைக் காய்ச்சும் சின்ன ஆலை ஒன்றில் நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வால்நட் பாகு, பெக்கான் பாகு, பாதாம் பாகு என்று ஐந்து வகை. ஒவ்வொரு புட்டியின் மேலும் அந்தந்தப் பருப்பின் படம், ஓடு உடைத்து உள்ளே தெரிகிற மாதிரி, மிக அழகாக.

வால்நட் புட்டிக்குள் இருப்பவை: சோளப்பாகு, சர்க்கரை, தண்ணீர், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, சிட்டிகை உப்பு, கெட்டுப்போகாமலிருக்க ஒரு மருந்து, பழுப்புக் குப்பியிலிருந்து சொட்டுக் கணக்கில் வாசனை. வால்நட் கிடையாது. மற்ற நான்கிலும் அப்படியே. இத்தனை வருடத்தில் ஒரு பருப்புகூட எங்கள் ஆலையின் வாசலைத் தாண்டியதில்லை.

அதனால்தான் நான் அங்கே நிம்மதியாக வேலை பார்த்தேன். என் மகள் பொன்மணிக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிறு வலிக்கும், தடிப்பு வரும் என்ற அளவில் இல்லை. மூச்சு நின்றுவிடும்.

2

பொன்மணிக்கு இப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைப் பாதியாக நறுக்கி ‘போனி’ என்கிறார்கள். இந்த ஊர் மொழியில் அதற்குக் குட்டைக் குதிரை என்று பொருள். நான் ஆசிரியையிடம் போய் முழுப்பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பொன்மணியே அதை ரத்து செய்துவிட்டாள். அவளுக்குக் குதிரை பிடித்திருக்கிறது.

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘எந்தப் பருப்பும் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முந்திரி ஒன்றுதான் ஆகாது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு எது எந்தப் பருப்பு என்று யார் பிரித்துக்கொடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே தடுத்துவைத்தேன். இந்த வருடத் தொடக்கத்தில் பள்ளி நர்ஸ் என்னை வரச்சொன்னார். ‘எனக்குப் பிடித்த காலை உணவு’ என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார்களாம். என் மகள், ‘வால்நட் பாகு ஊற்றிய தோசை’ என்று எழுதிப் படமும் வரைந்திருந்தாள். தோசை என்ற சொல் நர்ஸுக்குப் புரியவில்லை. வால்நட் புரிந்துவிட்டது.

“அம்மா, இந்தக் காகிதத்தில் பருப்பு கொடுத்தால் செத்துப்போவாள் என்கிறீர்கள். இந்தக் காகிதத்தில் அவள் தினமும் வால்நட் சாப்பிடுகிறாள். எதை நான் கோப்பில் வைப்பது?”

“இரண்டையும் வையுங்கள். வால்நட் பாகில் வால்நட் இல்லை.”

“அதை எனக்கு எழுத்தில் வேண்டும். ஆலையிலிருந்து.”

எங்கள் பரிசோதனைக்கூடத்துத் தலைவர் ஹெரால்டிடம் கேட்டேன். நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நமக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் ஆலையின் தாளில் கையெழுத்துப் போட்டு எப்படி எழுதுவது?” என்றார். கடைசியில் ‘இயற்கையான பருப்புப் பொருள் எதையும் சார்ந்ததல்ல’ என்று ஒரு வாக்கியம் கண்டுபிடித்தார். நர்ஸ் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கோப்பில் செருகினார்.

அந்தத் தாளும் அடுத்த மாதத்தோடு பொய்யாகிவிடும்.

3

நான் பிறந்த வீட்டில் முந்திரி இல்லாத இடம் கிடையாது. தூத்துக்குடியில் கடலுக்குப் போகும் தெரு ஒன்றில் அப்பாவின் பேக்கரி. கீழே கடையும் அடுப்பும், மேலே நாங்கள். ரொட்டி, பிஸ்கட் எல்லாம் உண்டு என்றாலும் சனம் வருவது மக்ரூனுக்கு. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரை போட்டு, முந்திரியைத் தூளாக்கிக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். நுனி சுருண்டு நிற்க வேண்டும். சுருளாவிட்டால் அப்பா அந்தத் தட்டைக் கடைக்குள் விடமாட்டார்.

அந்த வீட்டில் முந்திரித் தூள் காற்றோடு காற்றாக இருந்தது. அம்மாவின் சேலை மடிப்பில், என் வேதியியல் புத்தகத்தின் நடுவில், சாமி படத்துக் கண்ணாடியில். அப்பா தோளில் போட்டிருக்கும் துண்டு எப்போதும் வெள்ளையாகத் தெரியும். உதறினால்தான் அதன் கரை சிவப்பு என்பது தெரியவரும். சூடான தட்டைப் பிடிப்பது, வியர்வையைத் துடைப்பது, பாகை வடிகட்டுவது, ஈயை விரட்டுவது எல்லாம் அந்த ஒரே துண்டால்தான்.

உணவுத் தொழில்நுட்பம் படிக்க மைசூருக்குப் போகிறேன் என்றபோது அப்பா சிரித்தார். “மாவு பெசையதுக்குக் காலேஜாளா? இங்கன சும்மாவே சொல்லித் தந்திருப்பேன்லா.” ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்தது அவர்தான். பெட்டிக்குள் மக்ரூன் டப்பா ஒன்றையும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்.

4

அதே மாதிரி ஒரு டப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பொன்மணிக்கு அப்போது மூன்று வயது. தாத்தா அனுப்பியது என்று சொல்லி, நுனி உடையாத ஒன்றாகத் தேடி எடுத்து நான்தான் அவள் வாயில் வைத்தேன்.

உதடு வீங்கியது. பிறகு கண். பிறகு அழுகையே சத்தமில்லாமல் வந்தது. என் கணவர் காரை எந்த வழியில் ஓட்டினார் என்று இருவருக்கும் இன்றுவரை நினைவில்லை. மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டார்கள். அது போட்டபின் அவள் மறுபடியும் சத்தமாக அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபின்தான் நான் உட்கார்ந்தேன்.

பிறகு படிவம். ‘கடைசியாகக் கொடுத்த உணவு’ என்ற கட்டத்தில் ‘மக்ரூன்’ என்று எழுதினேன். இந்த நாட்டில் அந்தப் பெயரில் விற்பது தேங்காய்ப் பண்டம். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தேங்காயைத் தடைசெய்தார். மூன்று மாதம் என் வீட்டில் தேங்காய் கிடையாது. தொழில் தெரிந்த நான், ஒவ்வொரு பொருளாகத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துவந்தவள், அந்த மூன்று மாதமும் அலமாரியில் முந்திரியை வைத்திருந்தேன். பொங்கலுக்கு வறுத்துப் போடவில்லை என்பது தற்செயல். பிறகு வேறொரு டாக்டர் கையில் சின்னதாகக் கீறிப் பார்த்து முந்திரிதான் என்றார்.

இந்தத் தகவலை அப்பாவுக்கு எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அவருடைய பதில் ஒரே வரியில் வந்தது. ‘நான் செஞ்சதுதானா?’

5

அதற்கு அடுத்த வருடம் முழுக்க அப்பா கடிதத்தில் பேத்தியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மழை, முட்டை விலை, தம்பி செல்வத்துக்குத் துறைமுகத்தில் கிடைத்த வேலை என்று எழுதுவார். ஒருநாள் எழுதினார்: ‘பிள்ளைக்கு அஞ்சு வயசாகப் போகுது. போட்டோவுல பாத்தது போதும். கூட்டிட்டு வா. என்ன செய்யணும்னு எழுது, செய்யுதேன்.’

எழுதினேன். பதினேழு விதிகள், வரிசை எண்ணோடு. நம் ஊரில் ஒரு பிள்ளை வாசல்படி ஏறினால் யாராவது ஒருவர் இனிப்பை எடுத்து நேரே வாயில் திணிப்பார்கள். கேட்டுவிட்டுத் திணிப்பது மரியாதை இல்லை. வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். என் பயம் முழுக்க அந்தக் கை மேல்தான். அதுதான் முதல் விதி. எட்டாவது விதி: பருப்புப் படம் போட்ட எந்தப் பொட்டலம், டப்பா, புட்டி வீட்டில் இருந்தாலும் யாரையும் கேட்காமல் தூர எறியவும். பன்னிரண்டாவது விதி: பேக்கரியில் வேலை செய்கிற யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

என் தாளையே அப்பா திருப்பி அனுப்பினார். கடை ஆர்டர்களுக்குப் போடுவதுபோல ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்புப் பென்சிலால் டிக். பன்னிரண்டுக்கு எதிரே மட்டும் டிக் இல்லை. ‘நானுமா?’ என்று இருந்தது.

‘நீங்களும்தான். குளித்து உடுப்பு மாற்றிய பிறகு என்றால் சரி’ என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்ப எடுக்க முடியாது.

பொன்மணிக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்கினேன். ‘முந்திரி எனக்கு ஆகாது.’ குளிக்கும்போது, காரில் போகும்போது, பல் தேய்க்கும்போது சொல்லச் சொன்னேன். கூடவே அவளாகவே ஒரு கேள்வியையும் பிடித்துக்கொண்டாள். யார் பக்கத்தில் வந்தாலும் “சோப் போட்டீங்களா?”

அவள் அங்கே என்ன சாப்பிடுவாள் என்று யோசித்து, ஆலையிலிருந்து இரண்டு புட்டி வால்நட் பாகு கொண்டுபோனேன். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“பாகு.”

“பாகா? பாகை எதுக்கு அங்கேருந்து தூக்கிட்டு வரீங்க? இங்க இல்லாத பாகா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் புட்டியை மூக்கருகே வைத்து, ஒன்றும் புரியாமல், திரும்ப வைத்துவிட்டார்.

6

அப்பா எங்களுக்காகப் பேக்கரி வீட்டிலிருந்து தள்ளி, பீச் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து வெள்ளையடித்து வைத்திருந்தார். அம்மா ஒரு வாரம் முன்பே புதுச் சேலைகளோடு அங்கே குடிவந்துவிட்டாள். வாசலில் பக்கத்து வீட்டு ரத்தினம் அத்தை தட்டோடு நின்றாள். அம்மா தட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, “மயினி, உங்க காலைப் பிடிக்கேன், வாயில மட்டும் வைக்காதிய” என்றாள்.

“வெறும் கல்கண்டுதானே ஏளா. கல்கண்டுல என்ன இருக்கு?”

“கல்கண்டுல ஒண்ணுமில்ல. உங்க கையில என்ன இருக்கோ.”

அத்தை முகம் சுருங்கிவிட்டது. பொன்மணி அவளை அண்ணாந்து பார்த்து, மனப்பாடம் செய்ததைத் திருத்தமாகச் சொன்னாள். “முந்திரி எனக்கு ஆகாது.” பிறகு, “சோப் போட்டீங்களா?”

அத்தை சிரித்துவிட்டாள். “வெள்ளைக்காரச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்திருக்காருலா.” அன்றிலிருந்து தெருவில் என் மகளுக்கு அதுதான் பெயர்.

அப்பா வாசலுக்கு வரவில்லை. எதிர்ச்சாரியில், பூட்டிய கடை ஒன்றின் நிழலில் நின்றார். தோளில் துண்டு. பொன்மணி போட்டோவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

“குளிச்சிட்டு வாரேன்” என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார்.

அவர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். தலையில் ஈரம், புதுச் சட்டை, புது வேட்டி. வந்தவர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்மணி கூடத்தின் மறுகோடியில். இருவருக்கும் நடுவில் பத்தடி. அடுத்த நாளும் அப்படியே. கிறிஸ்துமஸ் ஆர்டர் இருந்ததால் அடுப்பை அணைக்க முடியாது. ஐம்பது வருட மக்ரூன் ஒரு குளியலில் போய்விடுமா என்று அவருக்கே சந்தேகம். “தாத்தா ஏன் அங்க உக்காந்திருக்காங்க?” என்று பொன்மணி அவள் மொழியில் என்னிடம் கேட்டாள். அப்பாவுக்கு மொழி புரியவில்லை, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அம்மா தோசை வார்த்தாள். பொன்மணி தட்டோடு உட்கார்ந்தாள். பாகுப் புட்டிகளைக் காணவில்லை.

“ஏலே செல்வம், ஷெல்ஃபுல ரெண்டு புட்டி வச்சிருந்தேனே?”

தம்பி பெருமையோடு வந்தான். “நேத்தே பாத்துட்டேன் அக்கா. பெருசா பருப்புப் படம் போட்டு, இங்கிலீஷ்ல வால்நட்னு எழுதியிருக்கு. பின்வாசல் ஓடையில கொட்டிட்டு, புட்டியக் கழுவாம ஓடைக்கரைக் கடைசியில எறிஞ்சிட்டேன். கையில சோப்பும் போட்டாச்சு.”

“யாரைக் கேட்டுலே கொட்டினே?”

“யாரையும் கேக்காம தூர எறியணும்னு நீதானே எழுதியிருக்க. எட்டாம் நம்பர்.” சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினான். நான்கு மடிப்பிலும் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது. அத்தனை முறை படித்திருக்கிறான்.

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. படத்தில் மட்டும் பருப்பு, உள்ளே கிடையாது என்பதை நான் எழுதவேயில்லை. எனக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம்.

பொன்மணி தோசையைத் தொடவில்லை. இட்லியைத் தொடவில்லை. மறுநாள் காலையும் பால் மட்டும் குடித்தாள். நான் முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பழம், பொரி, ரொட்டி வேண்டாம், ரொட்டி பேக்கரியிலிருந்துதான் வரும், முட்டை, பழம் என்று தாளில் எழுதி எழுதி அடித்தேன்.

7

அன்று மத்தியானம் அப்பா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்தார். குளித்த ஈரம். நேரே பின்வாசலுக்குப் போய், ஓடைக்கரையில் கிடந்த புட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். அடியில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“இதென்னளா, வெந்தயம்லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பழுப்புக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் வெந்தயச் சாறுதான் என்று நான் கண்டுபிடிக்க ஆலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு நாளும் அந்தக் கூடத்தில் ஏன் எனக்கு வெந்தயக் களி நினைப்பு வருகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

“வெந்தயம், கருகின சீனி, உப்பு. இதுக்கா கப்பலேறிப் போன?” என்றார். “வறுத்தா எல்லாத்துக்கும் ஒரு பருப்பு வாசம் வரும். பச்சரிசிய வறுத்தாலும் வரும். நான் காய்ச்சுதேன். என்னென்ன புதுசா வாங்கணும்னு எழுதிக் குடு.”

எழுதினேன். பித்தளை வேண்டாம், புது அலுமினியச் சட்டி. புதுக் கரண்டி. கருப்பட்டி நம் கடை மூட்டையிலிருந்து வேண்டாம், சந்தையிலிருந்து நேராக. வெந்தயம், பச்சரிசி புதுப் பொட்டலம். அடுப்பு இந்த வீட்டு அடுப்பு. அப்பா வரிசையாக வாங்கிவந்து தரையில் பரப்பினார். நான் சரிபார்த்தேன். ஐந்துக்கு ஐந்தும் இருந்தன.

அவர் வறுப்பதைப் பார்க்க வேண்டும். வெந்தயம் சிவந்து கருகும் முன் ஒரு கணத்தில் இறக்கினார். அரிசி பொரிந்தது. கருப்பட்டியை உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கொதித்தது. வீடெங்கும், என் ஆலையில் நாற்பது பேர் சேர்ந்து கொண்டுவர முடியாத வாசனை. பொன்மணி மூலையிலிருந்து எழுந்து பத்தடியை ஐந்தடியாக்கி வந்து நின்றாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

கருப்பட்டியில் மண் இருக்கும், நார் இருக்கும். காய்ச்சினால் வடிகட்டாமல் தீராது. அப்பா ஒரு கையால் சட்டியைச் சாய்த்தார். மறுகையால் தோளிலிருந்து துண்டை எடுத்துப் பாத்திரத்தின் வாயில் விரித்து, பாகை அதன்வழியே ஊற்றினார். ஐம்பது வருடமாகச் செய்வதுபோல. கருப்பாக, நூலாக, மண்ணில்லாமல் இறங்கியது. அம்மா தோசையைத் தட்டில் வைத்தாள். நான் அருகில்தான் நின்றேன். கையில் தாள் இருந்தது. அதில் வடிகட்டி என்ற சொல் இல்லை. அதனால் என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அப்பா கரண்டியில் பாகை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“சோப் போட்டீங்களா?” என்றாள் பொன்மணி.

“போட்டாச்சு தாயி. ரெண்டு தரம்.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தின் வாயில் கிடந்த துண்டை நோக்கி விரலை நீட்டினாள்.

“அதுக்கு?”

அப்போதுதான் எல்லோரும் துண்டைப் பார்த்தோம். சட்டையையும் வேட்டியையும் மாற்றியவர், துண்டு தோளில் இருப்பதையே உணராமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நனைந்த இடத்தில் மட்டும் சிவப்புக் கரை தெரிந்தது. நனையாத ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

அப்பா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார். பாத்திரம், சட்டி, கரண்டி, துண்டு நான்கையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். ஓடையில் விழும் சத்தம் கேட்டது. நான் தட்டிலிருந்த தோசையையும் எடுத்து எறிந்தேன், அதில் ஒரு சொட்டும் படவில்லை என்று தெரிந்தும்.

நெடுநேரம் அவர் உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாந்தரமும் நானே செஞ்சிருப்பேன்லா” என்றார்.

“நான் பக்கத்துல நின்னும் பாக்கலியே அப்பா.”

“நீ தாளைப் பாத்த. நான் பாகைப் பாத்தேன்.” துண்டு இல்லாத தோளைத் தடவினார். “அது ஒருத்திதான் கண்ணால பாத்திருக்கு.”

அப்படியே எழுந்து மறுபடி குளிக்கப் போனார். அதற்குள் தம்பி சைக்கிளில் போய்ப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுக் கருப்பட்டி, வடிகட்ட ஒரு கஜம் மல்லுத்துணி வாங்கிவந்தான். கொதிக்கவைத்த தண்ணீரில் நான் துணியை அலசினேன். அப்பா மறுபடியும் முதலிலிருந்து வறுத்தார். இம்முறை ஒவ்வொன்றையும் எடுக்குமுன் பேத்தியிடம் தூக்கிக் காட்டினார். அவள் தலையை ஆட்டியபின்தான் போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் மூன்று தோசை சாப்பிட்டாள். அவசரத்துக்கு வைத்திருந்த ஊசிமருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்து, அவள் உதட்டையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அலுத்துப்போய், பாகு ஒட்டிய விரலோடு போய்த் தாத்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். பத்தடி அன்றோடு போயிற்று. அவள் கைதான் அவர் சட்டையில் பட்டது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

8

அறிவிப்பு வந்த மறுவாரம், சனிக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே பனி. பழைய தயாரிப்பில் மிச்சமிருந்த கடைசிப் புட்டி மேசையில் இருக்கிறது. அடுத்த மாதம் அதே குழாயில் முந்திரித் துண்டும் ஓடும். கழுவுவதற்கு இருபத்திரண்டு படிகள் எழுதி ஹெரால்டிடம் கொடுத்திருக்கிறேன். “மிக நல்ல பட்டியல்” என்றார். நான் நன்றி சொன்னேன். என் பட்டியலை நம்பி என் மகளுக்கு இனி அந்த ஆலைப் பாகை ஊற்றமாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அங்கேயே வேலை பார்ப்பதா, வேறு தேடுவதா என்பதும் முடிவாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல நான் அரைமணி உட்காரவில்லை. ஆலைக்குப் போய்வந்த உடுப்போடு அவளைத் தொட முடியாத நாள் வரும். அப்போது வாசலில் நின்று ‘குளிச்சிட்டு வாரேன்’ என்று சொல்லப் போவது நான்.

ஆலையில் இப்படி ஒரு பேச்சு அடிபட்ட போன மாதமே, அந்தப் பாகின் அளவை கிராம் கணக்கில் எழுதச் சொல்லி அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தேன். கருப்பட்டியும் கொஞ்சம் அனுப்பக் கேட்டிருந்தேன். பதில் இன்று வந்தது. பொன்மணிதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். யார் அனுப்பியது என்று பார்த்ததும், அவள் வழக்கப்படி முதலில் முகர்ந்தாள்.

“ஓகே” என்றாள்.

நான் உரக்கப் படித்தேன்.

‘கருப்பட்டி அனுப்ப மாட்டேன். என் வாசல் வழியா ஒண்ணும் அங்கன வர வேண்டாம். அங்க என்ன சீனி கெடைக்கோ அதைக் கருக்கிக்கோ. கிராம் எனக்குத் தெரியாது. வெந்தயம் பொன்மணி ரெண்டு விரலால் எடுத்தா எவ்வளவோ அவ்வளவு. பச்சரிசி அவ கையால ஒரு பிடி. உன் கை பெரிசு, அது வேண்டாம். வடிகட்டத் துணி புதுசு. இதை உன் தாளில் முதல்ல எழுதிக்கோ. கடையில எல்லாம் நல்லபடி. புதுத் துண்டு வாங்கியிருக்கேன், பீச் ரோட்டு வீட்டு ஆணியிலேயே தொங்குது, கடைக்குக் கொண்டு வாரதில்ல. வீட்டையும் விடலை, மாசாமாசம் வாடகை குடுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன். எப்ப வருவிய?’

பொன்மணி இதற்குள் அடுக்களையிலிருந்து அரிசி டப்பாவை இழுத்துவந்து, கையை உள்ளே விட்டு, ஒரு பிடியை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போட என்று கேட்டாள். தாளின் ஓரத்தில், மடிக்கிற இடத்தில், இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன்.

‘இதை எழுதுமுன்ன கை கழுவியாச்சு, சோப்பு போட்டு. பேனாவையும் கழுவினேன்.’